மூன்று வால்வுகள்

இதில் ஒரு வரிகூட நான் சேர்த்துச் சொல்லவில்லை. சேர்ப்பதாக இருந்தால், முதலில் என்னை நல்லவனாகக் காட்டியிருப்பேன்.

அண்ணனிடம் ஒரு லேப் ஸ்டீல் கிட்டார் இருந்தது. மடியில் படுக்கவைத்து, இரும்புக் கட்டையால் கம்பிகளை வருடி வாசிப்பது. "இஸ்திரி போடறதுன்னா என் சட்டையையும் போட்டுடு" என்பேன். அதற்குச் சின்னதாக, பழைய மாடலில், பல்பு மாதிரி சூடேறி எரியும் கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டி, ஒன்று வேண்டுமென்று ஒரு வருடம் அலைந்தான். கடைசியில் ஒன்று கிடைத்தது.

"சனிக்கிழமை கடைக்கு வாடா. நீ கேட்டு சரின்னு சொன்னாத்தான் வாங்குவேன்."

"தூக்கம் வருது. நீயே போ."

போனான். காலை 11.20. ஒரு லாரி.

அதன்பின் எட்டு மாதம் அம்மா அவன் அறைப்பக்கமே வரவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு அவனுடைய ஒரே ஒரு பாட்டைப் பழகினேன். அம்மாவுக்கு அதை ஒருமுறை ஒழுங்காக வாசித்துக் காட்ட வேண்டும். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அதற்கு ஆம்ப் வேண்டுமே என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று ஆம்ப் எடுத்து வைத்தார். முதலாவது கூச்சல் போட்டது. இரண்டாவது ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம். மூன்றாவது, துணி ஒட்டிய குட்டிப் பெட்டி. ஸ்விட்ச் போட்டால் முப்பது விநாடி ஒன்றும் இல்லை. பின்பக்கச் சல்லடைக்குள் ஆரஞ்சு வெளிச்சம் மெல்ல ஏறியது. பிறகுதான் சத்தம். அழுது முடித்தவன் பேசுகிற குரல் மாதிரி.

"இத ஒருத்தர் ஒரு மணி நேரம் வாசிச்சுப் பாத்தாரு தம்பி. தம்பியக் கூட்டிட்டு வர்றேன்னு போனாரு. ஆளக் காணோம்."

"மடியில வச்சு வாசிப்பாரா?"

"ஆமா. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கட்டையால ரெண்டு தட்டு தட்டுவாரு."

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. "இதையே கட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் போய் நின்றேன். அவர் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

மாலை 6.40. அண்ணன் அறை. ஸ்விட்ச் போட்டேன்.

ஆரஞ்சு வெளிச்சம் வரவில்லை. ஆனால் 'உஸ்ஸ்…' என்ற சத்தம் உடனே வந்தது. முப்பது விநாடி ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுறுசுறுப்பாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

டக்… டக்.

நான் தட்டவில்லை.

6.43. வாசிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் கீழே தொடங்கி, ஏறி, இடத்தில் போய் உட்கார்ந்தது. எனக்கு அப்படி வராது. அவனுக்குத்தான் வரும்.

பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

6.47. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"பெரியவனே… சத்தத்தக் கொறடா."

எட்டு மாதமாக அம்மா சொல்லாத சொல்.

கம்பியிலிருந்து கையை எடுத்தேன்.

பாட்டு நிற்கவில்லை…

அம்மா வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்தாள்.

பாட்டு முடிந்தது.

மறுநாள் காலை 9.05. கடைக்காரர் போன் செய்தார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. வழியில குலுங்கினா உடைஞ்சிடும்னு வால்வு மூணையும் கழட்டினேன். பொட்டலத்தக் குடுக்க மறந்துட்டேன், இங்கயே கெடக்கு. அது இல்லாம அந்தப் பெட்டி மூச்சுகூட விடாது. நேத்து ரொம்ப ஏமாந்திருப்பீங்க."

போய் வாங்கி வந்து மாட்டினேன். முப்பது விநாடி. ஆரஞ்சு வெளிச்சம். அருமையாக வேலை செய்தது. நான் வாசித்தது, நான் வாசித்த மாதிரியே இருந்தது. அம்மா சமையலறையை விட்டு வரவில்லை.

இப்போதெல்லாம் தினமும் 6.40க்கு மூன்று வால்வுகளையும் கழற்றி மேசைமேல் வைக்கிறேன். கிட்டாரை மடியில் படுக்கவைத்து, ஸ்விட்ச் போட்டுவிட்டு உட்காருகிறேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வாசலில் வந்து நிற்பாள்.

"தட்டினானாடா?"

"இன்னும் இல்லம்மா."