இல்யாஸ் கடைசியாகக் கட்டிய ஆல்டர்னேட்டர்

கணவரை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவின் நாலு மாதமும் பத்து நாளும் முடிந்து வெளியே வந்ததும் ரம்லா முதலில் போனது, கணவர் இல்யாஸின் கடையைக் காலி செய்யத்தான். உக்கடத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது அந்த ஆட்டோ எலக்ட்ரிகல் கடை. இல்யாஸ் மாரடைப்பில் போனதிலிருந்து ஷட்டர் இறங்கியே கிடந்தது. அவருடைய அண்ணன் பீர் முகம்மது, எஸ்.டி.டி. பூத் வைக்க இடம் தேடிய ஒருவருக்குக் கடையை விடுவதாகப் பேசி முடித்திருந்தார். தொண்ணூற்றாறில் தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு போட்ட பூத்துகள் முளைத்துக்கொண்டிருந்தன. ரம்லா சரி என்றாள். அந்த மாதங்களில் யார் எதைக் கேட்டாலும் அவள் சரி என்றுதான் சொன்னாள்.

அவள் அழவே இல்லை என்று சொந்தக்காரப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அது ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது மாதிரி இருக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

கடை அவளுக்குப் புதிதல்ல. மகள் ஆஃப்ரின் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து பின்னறையில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றியவள். இல்யாஸ் முன்னால் வண்டி பார்ப்பார். பிரித்த சாமானெல்லாம் உள்ளே வரும். அவள் கம்பியைக் காயிலாகச் சுற்றி, மீட்டர் வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பாள். வண்டிக்காரர்கள் அவளுடைய வளையல் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள், முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

அவள் ஸ்பேனர்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது. இறங்கியவர் காளிச்சாமி. காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கிறவர், இல்யாஸைத் தவிர வேறு யாரிடமும் வண்டியைக் கொடுக்காதவர்.

"ஏனுங்க, பாய் இல்லீங்களா?"

ரம்லாவோடு வந்திருந்த பீர் முகம்மது விஷயத்தைச் சொன்னார். காளிச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தாக்கலே இல்லீங்களே. கண்ணு ஆப்பரேசன் பண்ணிப்போட்டு ஊட்டோட கெடந்தனுங்க. வண்டியும் செட்டுலயே கெடந்துது. சரிங்க, நான் வேற எடம் பாத்துக்கறனுங்க."

அவர் திரும்பியபோதுதான் அந்த வாடை ரம்லாவின் மூக்கில் ஏறியது. புளித்து, தொண்டையைக் கமறவைக்கும் ஆசிட் வாடை.

"அண்ணா, பேட்டரி கொதிக்குதுங்களா?"

"ஆமாங்க அம்மணி. பாய் ஆல்டர்னேட்டரப் பிரிச்சுப் புதுசாட்டம் கட்டிக் குடுத்தாருங்க. இப்ப ஓட்ட ஆரம்பிச்சா ஹெட்லைட்டு ரெண்டும் பீஸ் போயிருச்சு. டிஸ்டில் வாட்டர் ஊத்தி மாளலீங்க. எங்கூர்ல கட்-அவுட்ட மாத்திப் பாத்தாங்க, அப்பவும் அப்படியேதானுங்க இருக்குது."

வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அந்த ஆல்டர்னேட்டர்தான் இல்யாஸ் கடைசியாகக் கட்டியது. அதைக் கொடுத்து அனுப்பிய மறுநாள் விடியலில்தான் அவர் போனார். பீர் முகம்மதுவுக்கும் அது தெரியும்.

"அவர அனுப்பிடலாம் ரம்லா. பூத்துக்காரர் அளவெடுக்க வர்ற நேரம்" என்றார் தணிந்த குரலில்.

ரம்லா சாக்கை அவிழ்த்து மீட்டரை எடுத்தாள். கைக்கு வேலை தெரிந்திருந்தது, கை செய்தது.

"மச்சான், உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்க."

பீர் முகம்மது முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். பேட்டரியின் மூடிகளைச் சுற்றி ஈரம் கசிந்து வெள்ளை பூத்திருந்தது. அவள் இரண்டு முனைகளிலும் மீட்டர் வயரை வைத்தாள். மெதுவாக ஓடும்போதே முள் பதினைந்து வோல்ட்டைத் தொட்டது. ரேஸ் கொடுக்கச் சொன்னாள். பதினேழைத் தாண்டியது. பதினாலரைக்குள் நிற்க வேண்டியது.

எர்த் வயரை அசைத்துப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. அடுத்து, கட்-அவுட்டிலிருந்து ஆல்டர்னேட்டருக்குப் போகும் பீல்டு வயரைப் பிடுங்கினாள். கட்-அவுட் சார்ஜை அளவாக வைத்திருப்பது அந்த வயர் வழியாகத்தான். பிடுங்கினால் சார்ஜ் அடங்க வேண்டும். முள் இறங்கவே இல்லை.

"கட்-அவுட்டு மேல தப்பில்லைங்கண்ணா. உள்ளதான் இருக்குது. வண்டிய நிறுத்துங்க மச்சான்."

ஆல்டர்னேட்டரைக் கழற்றி மேஜையில் வைத்துப் பிரித்தாள். அவள் சுற்றிய காயில் பழுதில்லை. உள்ளே சுழலும் காயிலுக்குக் கரண்ட் கொடுக்கும் பிரஷ்ஷைத் தூக்கிவிட்டு, அதன் திருகாணிக்கும் மேல்கூட்டுக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வைத்தாள். எரியக் கூடாத பல்பு எரிந்தது. திருகாணியைக் கழற்றினாள். அது உலோகத்தில் படாமல் இருக்க அடியில் ஒரு சின்ன பைபர் வாஷர் இருக்க வேண்டும். இல்லை. திருகாணி நேராகக் கூட்டில் உட்கார்ந்திருந்தது. கட்-அவுட் நிறுத்தினாலும் நிற்காமல் ஆல்டர்னேட்டர் முழுச் சார்ஜையும் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

"எங்க தப்புதானுங்கண்ணா. ஒரு வாஷர் போடாம உட்டிருக்குது" என்றாள்.

பீர் முகம்மது வண்டியிலிருந்தே குரல் கொடுத்தார். "இல்யாஸா? அவனாவது, வாஷர உடறதாவது?"

"அன்னிக்குச் சாயங்காலம் இடது கை மரமரன்னு இருக்குதுன்னாங்க மச்சான். எத எடுத்தாலும் விரல்ல நிக்கலைன்னாங்க. டிரில் புடிச்சதால வந்ததுன்னு அவங்களே சொல்லிச் சிரிச்சாங்க."

அதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மறைக்க நினைத்தல்ல, அவள் நினைவிலேயே அது இல்லை. இப்போது சொல்லும்போதும் மீட்டரில் தெரிந்ததை வாசிப்பது போலத்தான் குரல் வந்தது.

பீர் முகம்மது ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. தம்பியை மண்ணில் இறக்கும்போது கல்லாக நின்ற மனிதர். காளிச்சாமி போய்க் கதவோரம் நின்று, அவர் தோளில் கை வைத்தார்.

ரம்லா பின்னறைக்குப் போய் டப்பாவைக் கவிழ்த்து, அளவான ஒரு வாஷரைத் தேடி எடுத்தாள். திருகாணிக்கு அடியில் வைத்து முடுக்கினாள். மறுபடி பல்பு வைத்தாள். எரியவில்லை. எல்லாவற்றையும் மூடி, வண்டியில் ஏற்றி, பெல்ட் மாட்டி, விரலால் அமுக்கிப் பார்த்தாள். தானும் அழ வேண்டிய நேரம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணில் எதுவும் வரவில்லை.

"மச்சான், ரேஸ் குடுங்க."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே காலை அழுத்தினார். முள் பதினாலில் ஏறி, கொஞ்சம் ஆடி, நின்றது. எவ்வளவு அழுத்தியும் மேலே போகவில்லை.

"பேட்டரி ரொம்பக் கொதிச்சிருக்குதுங்கண்ணா. தாங்கறது சந்தேகம். தாங்கலைன்னா கொண்டுட்டு வாங்க."

"இங்கயேதானுங்களா அம்மணி? கடை இருக்குமுங்களா?"

ரம்லா மீட்டர் வயரைச் சுற்றினாள். பீர் முகம்மது வண்டியை விட்டு இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருக்கும், வாங்க" என்றார்.

அளவு நாடாவோடு வந்த பூத்துக்காரரைத் தெருமுனையிலேயே மறித்துப் பேசி அனுப்பியவரும் அவர்தான். ரம்லாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் சாக்கிலிருந்த ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டினாள். அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

வீட்டுக்கு வந்து சோறாக்கினாள். ஆஃப்ரின் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டாள்.

"கடையக் காலி பண்ணியாச்சாம்மா?"

"இல்ல. நாளைக்கும் போகணும்."

"நாளைக்கு மட்டுமா?"

"தெரியல கண்ணு."

ஆஃப்ரின் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "உப்பே இல்லம்மா."

ரம்லா தன் தட்டைப் பார்த்தாள். பாதிச் சோறு தீர்ந்திருந்தது. எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து மகளின் பக்கத்தில் வைத்தாள். பிறகு உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டாள்.