ஹீட்டரில் காய்ந்த சப்பாத்து

மழைக்கு இன்று ஈஸ்ட் ஹாமின் பழைய கல் தேவாலயத்துக்குள் ஒதுங்கினேன். ஈரச் சுண்ணாம்பு வாசம் என்னை ஏழு வயதுக்கு இழுத்துப்போனது.

லண்டனில் எங்கள் முதல் பனிக்காலம். இதே தேவாலய வாசல். "எந்தக் கோயிலெண்டாலும் கோயில்தான், சப்பாத்தைக் கழற்று" என்றார் அப்பா. உள்ளே, ஆள் படுக்கக்கூடிய தடிப்பில் சுவர். அதில் ஒடுங்கிய யன்னல்கள். மரக்கூரையை அண்ணாந்து பார்த்து, "கவிழ்த்து வைச்ச தோணியடா" என்று அப்பா அப்படியே நின்றுவிட்டார். எனக்குக் கால் விறைத்தது.

வாசலுக்கு வந்தால் சப்பாத்துகளைக் காணவில்லை. எங்களிடம் வேறு சோடி கிடையாது. அழுதுவிட்டேன். நிலம் கூட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மா உள்ளே கைகாட்டினார். இரண்டு சோடியும் ஹீட்டர்மேல் காய்ந்துகொண்டிருந்தன.

அப்பா காலை நுழைத்தார். "மத்தியான மணல் மாதிரிச் சுடுதடா" என்று, லண்டன் வந்தபின் முதல்முறையாகச் சிரித்தார்.

இன்றும் கழற்றினேன். வாசலில் விடவில்லை, நேரே ஹீட்டருக்குத்தான் கொண்டுபோனேன்.