ஆல்ட்டோ இல்லாத கச்சேரி

1. காலி வரிசை

கச்சேரி நாலு மணிக்கு. மூன்றே முக்கால் ஆகியும் ஆல்ட்டோ வரிசை காலியாக இருந்தது.

அப்போது நான் குன்னூரில் ஒரு தேவாலயத்தின் பாடகர் குழுவுக்கு மாஸ்டர். ஆல்ட்டோ என்பது பெண்களின் கீழ்க்குரல். அதற்கு என்னிடம் இருந்தவர்கள் நான்கே பேர். நால்வரும் ஜெகதளாப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர்கள், சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண்கள். வேலை முடிந்து முகம் கழுவிக்கொண்டு நடந்தே பிராக்டிஸுக்கு வருவார்கள். மரியாயி பாடினால் மற்ற மூவரும் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

பைபிளில் உள்ள சங்கீதம் ஒன்றையே அன்று இரண்டு விதமாகப் பாட இருந்தோம். முதலில் நானூறு வருஷத்துக்கு முந்தைய லத்தீன் இசையில், வாத்தியமே இல்லாமல், நான்கு குரல்களில். அடுத்து நான் புதிதாகப் போட்ட தமிழ் மெட்டில். தமிழ்ப் பாட்டு ஆல்ட்டோவில்தான் தொடங்கும். எட்டு பார், அதாவது எட்டுத் தாளக்கட்டு வரைக்கும் வேறு குரலே கிடையாது. அந்தப் பெண்களை நினைத்தே எழுதியது.

எஸ்டேட் மேனேஜரும் எங்கள் சபைக்காரர்தான். முன்பே நேரில் போய் அரை நாள் லீவ் கேட்டிருந்தேன்.

"கொழுந்து ஏகமா கெளம்பியிருக்குதுங்க மாஸ்டர்."

"நாலே பேருங்க. மத்தியானத்துக்கு மேல மட்டும்."

"செரி, உட்டர்றேன் போங்க. நானே கச்சேரிக்கு வர்றனில்லீங்களா?"

வந்துவிட்டார். முன்வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். அருகில் போய், "ஏனுங்க, நம்ம பொம்பளைங்க?" என்று கேட்டேன்.

"வருவாங்க, வருவாங்க" என்றார், என்னைப் பார்க்காமலே.

சபைச் செயலரிடம் கச்சேரியை இன்னொரு நாளைக்குத் தள்ளி வைக்கச் சொன்னேன். அவர் பதறிவிட்டார். "சனமெல்லாம் வந்து உக்காந்தாச்சுங்க. வெலிங்டன் மிலிட்டரி ஆபீசருங்க வேற வந்திருக்காங்க. ஆர்கன்ல வாசிச்சு எப்படியாச்சும் ஒப்பேத்துங்க."

2. கைதட்டல்

லத்தீன் பாட்டில், உச்சக்குரலான சோப்ரானோ பாடும் பெண்கள் இருவரை ஆல்ட்டோவுக்கு இறக்கினேன். கீழ்ச் சுரங்களில் அவர்களுக்குக் குரலே எழவில்லை. நடுவில் சுவர் இல்லாத வீடுபோல் இருந்தது. தமிழ்ப் பாட்டின் அந்த எட்டு பாரையும் ஆர்கன் வாசித்தது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தமிழ்ப் பாட்டுக்கு அந்த ஆர்கன் ஆரம்பம் இருக்குதே, பிரமாதமுங்க!"

"அது ஆர்கனோட இடமில்லீங்க. உங்க எஸ்டேட் பொம்பளைங்க பாட வேண்டியது."

"அப்படீங்களா? இதுவே நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

கார் போன கொஞ்ச நேரத்தில் நால்வரும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்கள். சேலை மாற்றியிருந்தார்கள். விரல்களில் மட்டும் கொழுந்துக் கறை.

"முடிஞ்சிருச்சுங்களா மாஸ்டர்?" என்றாள் மரியாயி. "கொழுந்து நிறுத்துப் போட்டுட்டுத்தான் போகணும்னு மேனேஜர் தொரை சொல்லிட்டாரு. இப்ப வழியில அவரு காரு எங்களத் தாண்டித்தான் போச்சு. கச்சேரி முடிஞ்சிருச்சான்னு கேட்கலாம்னு கையக் காட்டினோம். நிக்கல."

உள்ளே நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

3. லயத்தில்

அடுத்த பிராக்டிஸுக்கு நால்வரும் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. அவர்கள் குடியிருந்த எஸ்டேட் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கே போனேன். மரியாயி ஸ்டூலை எடுத்துப் போட்டு, தேநீர் கொடுத்தாள்.

"இன்னொரு கச்சேரி வெப்போம் மரியாயி. இந்தத் தடவை உங்க வேலைய பாத்துத்தான் தேதி குறிப்பேன்."

"கோவம் ஒண்ணும் இல்லீங்க மாஸ்டர்" என்றாள். "தொரை எங்கள விடல, அது பழகிப்போனதுதான். ஆனா நாங்க இல்லாமலே நல்லா நடந்துச்சுன்னு ஊரே சொல்லுது. அப்புறம் நாங்க எதுக்குங்க?"

தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். ஆல்ட்டோவுக்கு வேறு ஆட்களைப் பழக்கினேன். சுரம் தவறாமல் பாடினார்கள், அவ்வளவுதான்.

பாடகர் குழு நடத்த வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இது. ஒருவர் இல்லாமலும் காரியம் நடக்கும் என்று ஊருக்கு ஒருமுறை காட்டிவிட்டால், மறுபடி அவர் வாசலில் போய் நின்று 'நீங்கள் வேண்டும்' என்று கேட்க நமக்கு வாய் இருக்காது.