தொண்ணூற்றொன்று எப்படிப் பகா எண் ஆகும்?

அச்சகத்தின் பணியாளர் பதிவேட்டில் அவரைப் பற்றி நான்கு வரிகள் இருந்தன. பணி: பொது உதவியாளர். தகுதி: பயிற்சியற்றவர். கல்வி: பத்தாம் வகுப்பு, கணிதம் நீங்கலாக. எண் திறன்: அடிப்படைக்கும் கீழ்.

இந்த நான்கு வரிகளை எழுதியவர், எழுதுவதற்கு முன்னால் பைண்டிங் பகுதிக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால், அடிப்படைக்கும் கீழே எண் திறன் கொண்ட அந்தப் பெண்மணி ஒரு ரீம் தாளை விசிறிபோல விரித்து, ஐந்தைந்தாக விரலால் தள்ளி, பக்கத்தில் நிற்பவரோடு ஊர்வம்பும் பேசிக்கொண்டே, "நானூத்தித் தொண்ணூத்தெட்டுதான் இருக்கு, ரெண்டு தாளைக் கடைக்காரன் விழுங்கிட்டான்" என்று சொல்வதைக் கேட்டிருப்பார்.

அச்சகத்தில் அவருக்குப் பெயர் பதிமூணக்கா. மெஷின்காரர் வைத்த பெயர். பைண்டிங் பகுதியில் கதவுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. மடித்த தாள்களை இருநூறு இருநூறாகக் கட்டி அந்தச் சுவரோரம் வரிசை வைத்தால் சரியாகப் பதின்மூன்று கட்டு நிற்கும். பதினான்காவது கட்டு கதவை மறிக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக ஏழு அடுக்கு வரை போகலாம், எட்டாவது வைத்தால் சாயும். இருபத்திரண்டு வருடமாக அக்கா அந்தச் சுவரைப் பார்த்தே கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றடுக்கு என்றால் முப்பத்தொன்பது, ஐந்தடுக்கு என்றால் அறுபத்தைந்து, சுவர் நிறைந்தால் தொண்ணூற்றொன்று. ஏழாம் வாய்ப்பாட்டில் எங்காவது இடறுவாரே தவிர, பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்.

இப்படிப்பட்டவர் கணக்கில் எப்படித் தோற்றார் என்றால், முதல் தடவை வயசுக்கோளாறு. இரண்டாவது தடவை, முப்பது வயதில் தனித்தேர்வராகப் போய் எழுதியபோது, தொழில்கோளாறு. நாற்பது மாணவர்கள், ஆளுக்கு ஆறு நோட்டு, மொத்தம் எத்தனை நோட்டு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அக்கா இருநூற்று ஐம்பத்திரண்டு என்று எழுதினார். வீணாகிறதுக்கென்று நூற்றுக்கு ஐந்து வேஸ்டேஜ் கூட்டிப் போடாமல் எந்த அச்சகத்தில் வேலை எடுப்பார்கள்? சுவருக்கு இருபது லிட்டர் பெயிண்ட் என்ற இடத்தில் இருபத்தொன்று எழுதினார். அப்பாவின் வயதைக் கேட்ட கேள்வியில் மட்டும் வேஸ்டேஜ் சேர்க்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கு முழு மதிப்பெண் வந்தது.

பைண்டிங் பொறுப்பாளர் வேறு ஊருக்குப் போனபோது அவருடைய நாற்காலி காலியானது. கடந்த ஆறு வருடமாக அவர் வேலையைச் செய்ததெல்லாம் அக்காதான். அவர் கையெழுத்து மட்டும் போடுவார், அதுவும் அக்கா காட்டிய இடத்தில். ஆனால் உதவியாளர் நின்றுதான் வேலை செய்ய வேண்டும், பொறுப்பாளர்தான் உட்காரலாம். அக்காவின் முழங்காலுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

"கணக்குல பாஸ் ஆகாதவங்களைப் பொறுப்பாளர் ஆக்கினா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க" என்றார் முதலாளி. நல்ல மனிதர், ஆனால் விதிகள் மேல் கொஞ்சம் பாசம் அதிகம். யோசித்துவிட்டு ஒரு வழியும் அவரே சொன்னார். "ஒரு ஆர்டர் வருது. எல்லா உயர்நிலைப் பள்ளிக்கும் போகுது. இருபதாயிரம் பிரதி. வர்ற வெள்ளிக்கிழமை வண்டி ஏறணும். தேதி தவறாம, ஒரு புகார் இல்லாம முடிச்சுக் குடுங்க. நான் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"கண்ணைத் தொறந்துக்கிட்டே போடுங்க சார். எங்க போடறீங்கன்னு தெரியணும்ல" என்றார் அக்கா.

வந்த வேலையைப் பார்த்து மெஷின்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். 'உயர்நிலைக் கணிதத்துக்குத் தேவையான அடிப்படை எண் விவரங்கள்' என்று அட்டையில் போட்டிருந்தது. முப்பத்திரண்டு பக்கம், இரண்டு தாள்: வெளித்தாள் ஒன்று, அதற்குள் செருகும் உள்தாள் ஒன்று. தொகுத்தவர் ஒரு பேராசிரியர்.

"அக்கா, உங்களைத் தேடிக்கிட்டு வீட்டு வாசலுக்கே வந்திருக்கு பாருங்க கணக்கு!"

"வரட்டும். மடிச்சு வச்சிடறேன்."

வெளித்தாள் அச்சாகி வந்ததும் ஆறு பேர் மேசையைச் சுற்றி நின்று மடிக்கத் தொடங்கினார்கள். மூன்று மடிப்பு, எட்டு ஏடு, பதினாறு பக்கம். மடிக்கும்போது அக்கா ஒரு ஓரமாகப் படித்தார். படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது. எட்டில் ஒரு பங்கு என்பது பன்னிரண்டரை சதவீதமாம். இதைத்தான் அவர் தினமும் ஆயிரம் தடவை கையால் செய்கிறார். பாதி, கால், அரைக்கால் என்று மூன்று மடிப்பில் முடிகிற விஷயத்துக்கு அந்தக் காலத்து டீச்சர் இரண்டு வாரம் எடுத்து, கடைசியில் இவரை முட்டி போடவும் வைத்தார். பூஜ்யத்துக்குக் கீழே போகும் எண்களைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. "ஆர்டருக்கு நாப்பது கம்மின்னா மைனஸ் நாப்பது, அவ்வளவுதானே! இதை நேரடியாச் சொல்லியிருந்தா நான் எப்பவோ பாஸ்" என்று பக்கத்தில் மடித்தவரிடம் புலம்பினார்.

புதன்கிழமை காலை உள்தாள் மெஷினில் ஓடத் தொடங்கியது. முதல் எட்டாயிரம் மேசைக்கு வந்தது. பதினோராம் பக்கத்தில் பகா எண்கள். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண், ஆனால் ஒன்று என்பது இதில் சேராது என்று விளக்கம். அக்காவுக்கு இந்த எண்களை நன்றாகத் தெரியும், பெயர்தான் தெரியாது. எத்தனை வரிசையாக அடுக்கினாலும் ஓரம் நிமிராமல், ஒன்றிரண்டு கட்டு துருத்திக்கொண்டு நிற்கும் எண்கள். அவர் அவற்றை அடங்காப்பிடாரி என்பார். ஐந்துக்கு ஐந்து கட்டத்தில், நூறு வரைக்குமான அடங்காப்பிடாரிகள் எல்லாம் அழகாக உட்கார்ந்திருந்தன. கடைசி வரிசையில் எண்பத்தொன்பதுக்கும் தொண்ணூற்றேழுக்கும் நடுவில் இருந்தது தொண்ணூற்றொன்று.

அக்காவின் கை நின்றது.

விளக்கத்தை மூன்று தடவை படித்தார். படித்தவர்கள் எழுதியது, நமக்குத் தெரியாத சூட்சுமம் ஏதாவது இருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். நேற்று மடித்த வெளித்தாள்களில் தொண்ணூற்றொரு கட்டு ஏழு அடுக்காகச் சுவரை நிறைத்து நின்றன. ஒரு கட்டுகூடத் துருத்தவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கணவருக்குப் போன் செய்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். கதையைக் கேட்டுவிட்டு, "உன் வேலை மடிக்கிறது. எழுதினவன் பாத்துப்பான். வெள்ளிக்கிழமை தவறினா நாற்காலி போச்சு, ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

"லிஃப்ட்ல ஒரு நட்டு லூசுன்னு தெரிஞ்சா ஆளை ஏத்தி அனுப்புவீங்களா?"

"அடிப்பாவி, என்னை ஏன் மாட்டி விடற?" பிறகு அவரே தொடர்ந்தார். "நாற்காலி போனாப் போகுதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஏத்தி அனுப்புன்னு சொல்லவும் வரல. நீயே பாத்துக்கோ."

அக்கா டிபன் பாக்ஸை மூடினார். எங்கேயோ ஒரு பள்ளியில் ஒரு பிள்ளையாவது தொண்ணூற்றொன்று பகா எண் இல்லை என்று எழுதும். திருத்துகிறவர் இந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சிவப்பு மையில் ஒரு கோடு போடுவார். அந்தப் பிள்ளையும் ஊருக்குள் கணக்கு வராத பிள்ளை ஆகிவிடும். அந்தக் கோட்டின் கனம் அக்காவுக்குத் தெரியும்.

நேராக மெஷினிடம் போனார். "நிறுத்துங்க."

"என்னக்கா, விளையாடறீங்களா? நிறுத்தச் சொல்ல பொறுப்பாளருக்குத்தான் அதிகாரம்."

"பொறுப்பாளர் இல்ல. நான் இருக்கேன். தொண்ணூத்தொண்ணு எத்தனை வரிசையா நிக்கும்? சுவரைப் பாத்துச் சொல்லுங்க."

மெஷின்காரர் சுவரைப் பார்த்தார். அக்கா நீட்டிய பதினோராம் பக்கத்தைப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

சத்தம் நின்றதும் முதலாளி ஓடி வந்தார். அச்சகத்தில் அமைதிதான் அவருக்குப் பயங்கரமான ஓசை. விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "எட்டாயிரம் தாளுக்கு மேல ஓடிடுச்சும்மா! அவர் பேராசிரியர். நீங்க..." என்று ஆரம்பித்து, மிச்சத்தை மரியாதைக்காக விழுங்கினார். பிறகு பேராசிரியருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"தப்பா இருக்க வாய்ப்பே இல்லையே" என்றது போன். "நூறு வரைக்கும் பகா எண் இருபத்தைந்து. ஐந்துக்கு ஐந்து. நானே இரண்டு தடவை எண்ணிப் பார்த்துத்தான் அனுப்பினேன்."

முதலாளி அக்காவைப் பார்த்தார். பார்வையில் வெள்ளிக்கிழமை இருந்தது.

"சார், வணக்கம். ஏழு பதிமூணு எவ்வளவுங்க?" என்றார் அக்கா.

போனுக்குள்ளிருந்து எழுபது, இருபத்தொன்று என்று மெல்லிய குரல் கேட்டது.

"அடடா" என்றார் பேராசிரியர். "ஆனா எண்ணிக்கை இருபத்தைந்து சரியா வருதே!"

"இருபத்தஞ்சு சரின்னா, உள்ள வரவேண்டிய ஆள் ஒருத்தர் வெளிய நிக்கணுமே சார்." அக்கா கட்டத்தின் முதல் வரிசையில் விரலை வைத்தார். மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று. "ரெண்டு எங்க?"

"ரெண்டு இரட்டைப்படையாச்சே, அது எப்படி இதுல வரும்?" என்று முதலாளி குறுக்கே வந்தார்.

"ரெண்டு கட்டை எப்படி வச்சாலும் ஒரே வரிசைதான் சார். ரெண்டு ரெண்டால மீதியில்லாம வகுபடறது, தன்னாலயே வகுபடறதுதானே?"

"கரெக்ட், கரெக்ட்!" போன் உற்சாகமாகிவிட்டது. "இரட்டைப்படையைத் தூக்குன்னு தட்டச்சு செய்தவரிடம் சொன்னேன், அவர் ரெண்டு என்ற எண்ணையும் சேர்த்துத் தூக்கிவிட்டார். குறைந்த ஒன்றை நிரப்பத் தொண்ணூற்றொன்று வந்து உட்கார்ந்திருக்கு. எண்ணினால் சரி, பார்த்தால் தப்பு! அம்மா, நீங்கள் அங்கே என்னவாக இருக்கிறீர்கள்?"

முதலாளி வாயைத் திறந்தார். 'பயிற்சியற்ற பொது உதவியாளர்' என்று பதிவேட்டில் எழுதலாம், போனில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

உள்தாளை முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருந்தது. மறுபடி அச்சுத் தகடு செய்து போட்டு, ஆறு பேரும் பகல் முழுக்க மடித்தும், வண்டி வெள்ளிக்குப் பதில் திங்கள்தான் ஏறியது. மூன்று நாள் தாமதம். அக்கா நாற்காலியை மனதுக்குள் வழியனுப்பிவிட்டு, சுவரோரம் விழுந்திருந்த கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

முதலாளி கையில் ஒரு தாளோடு வந்தார். முகம் கடுமையாக இருந்தது.

"ரெண்டு நாளா விதியைப் படிச்சிட்டிருக்கேன். பொறுப்பாளர் இல்லாத யாரும் மெஷினை நிறுத்தச் சொல்லக் கூடாது. சொன்னா வேலையை விட்டு அனுப்பணும்."

"சரிங்க சார்."

"என்ன சரிங்க சார்? உங்களை அனுப்பிட்டு நான் யாரைக் கேட்டு எண்ணறது? அதனால போன செவ்வாய்க்கிழமையிலேர்ந்தே நீங்க பொறுப்பாளர்னு போட்டிருக்கேன். அப்பதான் புதன்கிழமை நிறுத்தினது விதிப்படி ஆகும்." தாளை நீட்டினார். "வெள்ளிக்கிழமைக் கணக்கை நான் பாத்துக்கறேன். கணக்குப் பரீட்சை மட்டும் இந்தத் தடவை எழுதிடுங்க, எனக்காக."

அக்கா தாளை வாங்கி, கையெழுத்து சரியான இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். இருந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் ஆடியது.

பரீட்சைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. புத்தகங்கள் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தச் சொல்லி, இருபதாயிரம் பிரதிகளின் பதினோராம் பக்கத்திலிருந்து தொண்ணூற்றொன்றை எடுக்கவும் இரண்டைச் சேர்க்கவும் வைத்தவர் பதிமூணக்கா.