யேசுரட்ணத்தாரின் நல்ல இரத்தம்

யேசுரட்ணத்தார் தன் இரத்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிவிடும். அஜக்ஸில் உள்ள கிளினிக் ஒன்றிலிருந்து ரொறன்ரோவில் உள்ள ஆய்வுகூடத்துக்கு இரத்த மாதிரிகளைக் காரில் கொண்டுபோவதுதான் அவர் வேலை. பிறவியிலேயே நோய் எதிர்ப்பு பழுதான பிள்ளைகளைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று அங்கே செய்வார்கள். வெள்ளை அணுக்களுக்குள் ஒரு சாயத்தை விட்டு, கிருமி வந்ததுபோல அவற்றைச் சீண்டுவார்கள். கிருமியைக் கொல்லத் தெரிந்த அணு ஒளிரும். தெரியாதது இருண்டு கிடக்கும். ஒத்துப் பார்க்க, பிள்ளைக்குச் சொந்தமில்லாத சுகதேகி ஒருவரின் இரத்தத்தையும் அதே நேரத்தில் எடுத்து அனுப்பவேண்டும். தாய்தகப்பன் ஆள் கூட்டிவராவிட்டால் யேசுரட்ணத்தார் கையை நீட்டுவார்.

"ஸ்ரௌவ்வில் ஊர்ப் பிள்ளையளையும் என்ர ரத்தத்தோடதான் ஒத்துப் பாக்கினம்" என்று பூசை முடிந்து சுவாமியாரிடமே சொன்னவர்.

அப்படிப்பட்டவரின் பேரன் மாக்கஸுக்கு, இரண்டு வயதில், சீழ்க்கட்டு மேல் கட்டாக வந்தது. டொக்டர் அதே சோதனையை எழுதினார். மகள் ஷரோன் அழுதபடி இருந்தாள். இவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு கிளினிக் கதிரையில் போய் இருந்தார்.

தாதி துவாரகா மறித்தாள். "நீங்கள் பிள்ளையின்ர அம்மப்பா, அங்கிள். இது குடும்பத்துக்குள்ள ஓடுற வருத்தம். சொந்தக்காரர் சரிவராது."

"ஊருக்கெல்லாம் உதவின ரத்தம் என்ர பேரனுக்கு ஆகாதோ?"

ஆகாது. போனை எடுத்தார். பேனாட் சொந்தம், சீமோன் சொந்தம். காரோட்டி வந்த நானும் ஒன்றுவிட்ட தம்பி. சொந்தங்களை ஆள் ஆளாகப் பிடித்து அஜக்ஸில் வீடு வாங்க வைத்தவரே இவர்தான். விதைத்ததை அறுக்கத்தானே வேண்டும்! மிஞ்சியவர் பக்கத்து வீட்டு நவரட்ணம் மட்டும். பனியைத் தன் பக்கம் தள்ளிவிட்டார் என்று இவர் சண்டை பிடித்து, அதன்பிறகு முகம் பார்க்காத மனிதர்.

யேசுரட்ணத்தாரின் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை.

"நவரட்ணம் அண்ணை, பேரனுக்குச் சுகமில்லை. உங்கட ரத்தம் கொஞ்சம் வேணும்."

"எந்தக் கிளினிக்? வாறன்."

வீட்டுச் செருப்போடே வந்து சேர்ந்தார் மனிதர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரமே துவாரகா போன் எடுத்தாள். "அங்கிள், அந்த வருத்தம் இல்லை! கட்டுகளுக்கு வேற காரணம் பாப்பம். பிள்ளையின்ர அணுக்கள் நவரட்ணம் அங்கிளின்ர மாதிரியே வெளிச்சம் காட்டுது."

"உவன்ர மாதிரியோ?" என்று உறுமியவர், பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதார். ஷரோனும் அழுதாள். மாக்கஸ் மட்டும் பிஸ்கட் கேட்டான்.

மறுநாள் காலை கொட்டோ கொட்டென்று பனி. நவரட்ணம் பனி தள்ளும் சவளோடு வெளியே வந்தார். யேசுரட்ணத்தார் ஓடிப்போய் அதைப் பறித்தார்.

"நீர் உள்ள போம்! உமக்கு ஒண்டு நடந்தா, நாளைக்கு என்ர பேரனை ஆரோட ஒத்துப் பாக்கிறது?"