லெட்சுமணன் நட்ட கல்

அந்தக் கல்லை நட்டது லெட்சுமணன்தான். சாமி கனவில் வந்து சொல்லவுமில்லை, மண்ணைப் பிளந்துகொண்டு அது முளைக்கவுமில்லை. சுதுகங்கை ஆற்றிலிருந்து தோளில் சுமந்துவந்து, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, முனியாண்டி என்று பெயரும் சொன்னவர் அவர்.

எழுபத்து நாலாம் ஆண்டுப் பஞ்சத்தில் எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு மாத்தளை டவுனுக்கு இறங்கியவருக்குக் கிடைத்த வேலை, பழைய பெட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குவது. மிஞ்சிய கசடை முதலாளி சொன்னபடி பட்டறை வளவின் கிழக்கு மூலையில் குழி வெட்டிக் கொட்டினார். ஒன்பது வருடம் வெட்டினார், கொட்டினார். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் பட்டறையை எரித்தார்கள். முதலாளி இந்தியாவுக்குப் போய்விட்டார். தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட பதினொரு குடும்பங்கள் கருகிய சுவர்களுக்கிடையே தகரம் போட்டுக் குடியேறின.

மறுவருடம், அந்த மூலையில் மண் அளைந்து விளையாடிய மூன்று வயதுப் பிள்ளை ஒன்று வலிப்பு வந்து செத்தது. பேய் அடித்தது என்றார்கள். பட்டறையில் கூட வேலை செய்தவர்களுக்கு வயிறு இழுத்து வலிப்பு வந்ததை லெட்சுமணன் பார்த்திருந்தார். மண்ணில் நஞ்சு இருக்கிறதென்று வீடு வீடாகச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதன் பிறகுதான் கல். முனியின் காலடியில் எந்தப் பிள்ளையும் விளையாடாது, எவனும் மண்வெட்டி போடமாட்டான்.

பொய்தான். ஆனால் இருபத்திரண்டு வருடம் அந்தப் பொய் பிள்ளைகளைக் காத்தது.

இரண்டாயிரத்து ஆறில், அந்தக் குடும்பங்களுக்கு அங்கேயே வீடு கட்டித்தர அரசாங்கத் திட்டம் ஒன்று வந்தது. பட்டறை இருந்த நிலம் என்பதால் முதலில் மண்ணைச் சோதிக்கவும் பணம் ஒதுக்கியிருந்தார்கள். திட்டத்தின் ஓவர்சியர் ஸக்கரியா ஆட்களோடு வந்தார்.

"நாலு குழிக்குத்தான் காசு. பழைய ஆள் நீங்க, எங்க தோண்டுறது எண்டு காட்டுங்க."

லெட்சுமணன் நேரே கல்லைக் காட்டினார். "இதுக்கு அடியிலதாங்க ஐயா."

கல்லுக்குப் பூசை செய்யும் இராமசாமி, மார்க்கட்டில் மூட்டை தூக்குகிறவர், பாய்ந்து வந்தார். "யோவ், நீ கும்பிட்டு நட்ட சாமியையா தோண்டச் சொல்ற?"

"சாமியில்லடா, ஆத்துக் கல்லு. புள்ளைங்க வராம இருக்கத்தான் பொய் சொன்னேன்."

"கேட்டீங்களா! ஈயப்பொகை மூளைக்கு ஏறிருச்சு. அப்ப எம் பொண்டாட்டி இத்தன வருசமா வெரதம் இருந்தது ஆத்துக் கல்லுக்கா?"

கூட்டம் சிரித்தது. லெட்சுமணனின் மகள் சந்திரகாந்தா மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. "அப்பா, மண்ணு கூடாதுன்னு எழுதிட்டா வீடு கெடைக்காது. இவளும் இந்தத் தகரத்துக்குள்ளயே கெடக்கட்டுமா? பேசாம இருங்கப்பா."

ஸக்கரியா அவரைத் தனியே அழைத்துப் போனார். "லெட்சுமணன், நான் முஸ்லிம். நான் நிண்டு உங்கட சாமியக் கிளப்பினா நாளைக்கு டவுன்ல என்ன கதைப்பாங்க? காலம் சரியில்ல."

நாலு குழியையும் மேற்கே தோண்டினார்கள். மறுநாள் காலை லெட்சுமணன் கல்லை ஒட்டி ஆழமாகக் கிளறி, சாம்பல் நிற மண்ணைப் பால்மா டின்னில் நிரப்பி அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்.

"ஆக்கள் கொண்டுவாற மண்ண ஏத்துக்க மாட்டாங்க. நாங்க தோண்டி நாங்க சீல் வைக்கணும்" என்றார் ஸக்கரியா. ஆனாலும் டின்னுக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அஞ்சாவது குழிக்கு எழுதிக் கேக்கிறன்."

எழுதினார். பதிலும் வந்தது. சோதனைக்கு ஒதுக்கிய பணம் முடிந்தது, நாலு குழியிலும் குறையில்லை, வேலையைத் தொடங்கலாம்.

ஒரு பொய் அத்தனை வருடம் உண்மையாக உழைத்துவிட்டால், அதை எந்த வாயால் திரும்ப வாங்குவது? லெட்சுமணன் அதன்பின் யாரிடமும் பேசவில்லை.

இரண்டு வருடத்தில் வீடுகள் எழும்பின. குடிபுகும் நாளன்று இராமசாமி கல்லின் காலடியைத் தோண்டினார். புது வீட்டுக்குள் சாமி கூடவே வர, பிடிமண் எடுத்துப் போவது வழக்கம். வீட்டுக்கு ஒரு பிடி, மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தார். பதினொரு முடிச்சு.

சந்திரகாந்தா தன் முடிச்சை வாசலில் அவிழ்த்து, ஒரு சிட்டிகை எடுத்து மகளின் நெற்றிக்குக் கொண்டுபோனாள். லெட்சுமணன் அந்தக் கையைத் தட்டிவிட்டார். புதுச் சீமெந்துத் தரையெங்கும் சாம்பல் மண் சிதறியது.

"நீங்க மனுசன்தானா?" அவள் அழுதுகொண்டே மண்டியிட்டு வெறுங்கையால் மண்ணைக் கூட்டி அள்ளினாள். மூன்று வயது மகளும் பக்கத்தில் குந்தி, அம்மாவுக்கு உதவியாகத் தன் சின்னக் கையால் அள்ளத் தொடங்கினாள்.