பம்பளிமாஸ் பழமும் கொழுப்பு மாத்திரையும்

கோலா கெத்தில் ஊரில் எங்கள் வீட்டுப் பின்புறம் நிற்கும் பம்பளிமாஸ் மரத்தைப் பற்றி என் கணவர் பெருமை பேசாத நாளில்லை. கொழுப்பு மாத்திரை போடத் தொடங்கியபின், "பழம் கொழுப்ப கரைச்சிரும் லா" என்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முழுப் பழத்தை உரித்துத் தின்று முடிப்பார்.

இந்தக் காய்ப்பில் அவருக்குத் தொடையும் கெண்டைக்காலும் வலித்தன. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றும் வேலையால் வந்த வலி என்றார். சிறுநீர் கோப்பி நிறத்தில் போனதும் கிளினிக்குக்கு இழுத்துச் சென்றேன்.

"கிரேப்ஃப்ரூட் சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"அத நான் கண்ணால பார்த்ததே இல்ல டாக்டர்" என்றார் இவர்.

"இவரு தெனமும் பம்பளிமாஸ் சாப்பிடுவாரு டாக்டர். பழம் பழுத்தப்புறம்தான் வலியே வந்துச்சு" என்றேன் நான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் ஒரே இனம்தான் என்றார். அது கொழுப்பு மாத்திரையின் மருந்தை உடம்பில் தேங்க வைத்துத் தசையைச் சிதைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கலாம் என்றார். மாத்திரையை நிறுத்தி, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சிறுநீரகம் தப்பியது.

இப்போது அவருக்கு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பழம் கேட்டு வருபவர்களிடம், "கொழுப்பு மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை. ஏன் என்று கேட்டால் என் கணவர் முந்திக்கொள்வார். "எம் பொண்டாட்டி கண்டுபிடிச்சது" என்று தொடங்குவார். மரத்தைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை.